கர்ப்பப்பை ஊசியும் கலும்பாங் அத்தையும்

எங்கள் வீட்டில் எல்லா முடிவுகளையும் அப்பாதான் எடுப்பார். அப்பா என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பதை அத்தை முடிவு செய்வார். நாங்கள் இருந்தது கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில், புக்கிட் பெலிம்பிங்கில். அப்பாவின் அக்காவான அத்தை இருந்தது வடக்கே, கலும்பாங்கில். அந்தத் தூரத்தால் அவருடைய செல்வாக்கு குறைந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. நான் எந்தப் பள்ளிக்குப் போவது, அப்பா செம்பனைக் குலை ஏற்றி ஓட்டும் லோரியை மாற்றலாமா, முன்கதவுக்கு என்ன நிறம் அடிப்பது, எல்லாம் கலும்பாங்கில்தான் தீர்மானமாகும். தாயும் தகப்பனும் போன பிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அத்தை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அப்பாவே அவருக்குத் தம்பியும் மகனுமாக இருந்தார்.

நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்த வருடம் பள்ளியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். என் வயதுப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி போடப் போகிறார்களாம். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஓய்வு நேரம் முடிவதற்குள் எங்களுக்குள் ஒரு மருத்துவ மாநாடே நடந்து முடிந்துவிட்டது. கை வீங்கிவிடும் என்றாள் ஒருத்தி. போட்டுக்கொண்டால் பிறகு பிள்ளையே பிறக்காது என்றாள் இன்னொருத்தி. அவளுடைய சித்திக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அது. பிள்ளை பெறுவது பற்றி எனக்கு அப்போது எந்தக் கருத்தும் இல்லை. ஊசி எவ்வளவு நீளம் இருக்கும் என்பது மட்டும்தான் என் கவலை.

அப்பா கடிதத்தை மெதுவாகப் படித்தார். கர்ப்பப்பை என்று மலாய் மொழியில் எழுதியிருந்த இடம் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"பொம்பளைங்க சமாச்சாரம். நீயே பாரு."

அம்மா படித்துவிட்டு, "நல்லதுதானே, போட்டுரலாம்" என்றார். அப்பா பேனாவை எடுக்கவில்லை, கைப்பேசியை எடுத்தார்.

அத்தை பேசினால் கைப்பேசிக்கு அவசியமே இல்லாததுபோல் வீடு முழுக்கக் கேட்கும். அன்று அப்பா தட்டுத் தடுமாறி விளக்கி முடிக்கும்வரை அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு, "கையெழுத்துப் போடாத தம்பி. நான் வரேன்" என்று மட்டும் கேட்டது.

வார இறுதியில் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழத்தோடு வந்து இறங்கினார். தேநீர் ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"கல்யாணம் ஆவாத புள்ளைக்கு அந்த எடத்துக்கு ஊசி எதுக்கு? வராத நோய்க்கு யாராச்சும் மருந்து போடுவாங்களா?"

"வராம இருக்கத்தானே அண்ணி போடறாங்க" என்றார் அம்மா.

"நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்பா இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றித் தலையாட்டினார். அத்தையின் வாதங்கள் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஊசி வேண்டாம் என்பதில் நான் முழுமனதாக அவர் கட்சி.

அம்மா சண்டைக்குப் போகவில்லை. ரம்புத்தான் தோலை உரித்துக்கொண்டே, "சரி அண்ணி, நீங்க வேணாம்னா வேணாம். ஆனா ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுலா. கிளினிக்ல தமிழ் மிஸ்ஸி ஒருத்தவங்க இருக்காங்க. நீங்களே வந்து சொல்லிருங்க" என்றார். தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

"சொல்றேன். எனக்கென்ன பயமா" என்றார் அத்தை. அம்மா தோற்றுவிட்டார் என்று எண்ணி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலையில், எனக்குப் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எல்லாரும் கிளினிக்குக்குப் போனோம். கார் வெயிலில் காயும், நிழல் வந்தால் நகர்த்த வேண்டும் என்று சொல்லி அப்பா காரிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூவரும் உள்ளே போனோம். மிஸ்ஸிக்கு அம்மாவை விடச் சற்று வயது கூடுதல். கேள்விகளோடு வரும் அத்தைகளை நிறையப் பார்த்த முகம்.

"இது புள்ள பொறக்காம பண்ற ஊசியா?" என்று நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே கேட்டார் அத்தை.

"இல்லக்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்பவும் இப்படித்தான் சொன்னாங்க."

"எப்பக்கா?"

அத்தை என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். எப்போதும் வீட்டை நிறைக்கும் குரல் அன்று மேசையைத் தாண்டவில்லை.

"எனக்கு மொதப் புள்ள பொறந்து கொஞ்ச நாள்லயே போயிருச்சு. எஸ்டேட்டு கிளினிக்ல ஊசி போட்டாங்க. ஒடம்பு தேறட்டும்னு சொன்னாங்க. வரச் சொன்ன தேதிக்கெல்லாம் போயிப் போட்டுக்கிட்டேன். ரொம்ப வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது புள்ள வேணாங்கறவங்களுக்குப் போடற ஊசின்னு. அதுக்கப்புறம் எனக்கு ஒன்னும் தங்கல."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒங்கள யாரும் கேக்கலையாக்கா?"

"எங்கள யாரு கேப்பா. கையை நீட்டுன்னாங்க, நீட்டினேன்."

"அது தப்புக்கா. நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்த ஊசிய நிறுத்தினா பொதுவா மறுபடி புள்ள தங்கும். ஒங்களுக்கு வேற ஏதாச்சும் இருந்துருக்கலாம். அதையும் யாராச்சும் அப்பவே பாத்துருக்கணும்."

அதன் பிறகு அவர் இந்த ஊசியைப் பற்றிச் சொன்னார். நோய் ஒரு கிருமியால் வருகிறது, ஆணும் பெண்ணும் சேரும்போது ஒட்டிக்கொள்கிற கிருமி, ஒட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே தடுப்பைப் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும் என்று ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். நான் சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஒழுக்கமா இருக்கற புள்ளைக்கும் வருமா?"

"ஒழுக்கமா குடும்பம் நடத்தற எனக்கும் வரலாம்கா. கிருமிக்கு அதெல்லாம் தெரியாது."

அத்தை இன்னும் கேட்டார். காய்ச்சல் வருமா, மயக்கம் வருமா, வந்தால் யாரைப் பார்ப்பது, அலர்ஜி இருக்கிற பிள்ளைக்கு என்ன செய்வார்கள். மிஸ்ஸி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும், "இது எனக்குத் தெரியல, டாக்டர கேட்டுட்டு வரேன்" என்று எழுந்துபோய்க் கேட்டு வந்தார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒங்க வயசுக்கு ஊசி இல்ல, அந்தப் புத்துநோய் இருக்கான்னு பாக்கற பரிசோதனை இருக்கு. இஷ்டம்னா இன்னிக்கே பாத்துரலாம். வேணாம்னாலும் ஒன்னுமில்ல" என்றார் மிஸ்ஸி.

"நான் போன வருசமே பாத்துட்டேன் அண்ணி. நான் கூட வரேன்" என்று அம்மா எழுந்தார். இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் இரண்டு கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே வந்தபோது அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. பரிசோதனையில் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையின் கதை அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதும், அதைத் தெரிந்துகொண்டேதான் அவரை அங்கே அழைத்துப் போனார் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கார் வரைக்கும் நடந்து வந்த அத்தை கதவைத் திறக்காமல் நின்றார்.

"பாப்பா, ஒனக்குச் சம்மதமா? வேணாம்னா இப்பவே சொல்லு. அத்த பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. கதவின் நிறத்துக்குக்கூடக் கேட்டதில்லை. கிடைத்த வாய்ப்பை வீணாக்கக்கூடாது என்று தோன்றியது.

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்ப ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுங்க. போட்டுக்கறேன்."

அத்தை குனிந்து, ஜன்னல் வழியாக அப்பாவிடம் சொன்னார்: "போடு தம்பி கையெழுத்து. அவ சரின்னுட்டா."

பள்ளியில் ஊசி போட்ட நாளன்று அத்தை கலும்பாங்கிலிருந்து மறுபடியும் வந்து, பள்ளி வாசலில் குடையோடு நின்றார். என் கை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். பிள்ளையே பிறக்காது என்று சொன்ன, வாட்ஸ்அப் சித்தியின் அக்கா மகளும் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நான்தான் தைரியம் சொன்னேன், மருத்துவரே சொல்வது போல.

கடையில் உட்கார்ந்து, துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கை நான் கிளறிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்.

"அவங்களா கையைப் புடிச்சுப் போட்டாங்களா?"

"இல்லத்த. பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. என்ன ஊசின்னு சொன்னாங்க. ரெடியான்னு கேட்டாங்க. நான் ரெடின்னேன்."

"கேட்டாங்களா?"

"ம்."

"நீ சொன்னப்புறந்தான் போட்டாங்களா?"

"ஆமாத்த."

அத்தை கரண்டியை வைத்துவிட்டு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்ன விஷயத்தைப் பெரியவர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கிண்ணத்தில் ஐஸ் உருகிக்கொண்டிருந்ததால், கேட்காமலேயே அதையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.