கையை எடுத்தாலும் ஆடுது

'தீர்வு கிடைத்தது' என்று கணினித் திரையில் பச்சை எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே இருந்த எண்களை நான் பார்க்கவில்லை. இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனிச் சொல்லப்போவது இதைவிட மோசம்.

கிரேனில் தொங்கும் கன்டெய்னர் ஆடும். எங்கள் பக்கத்தில் அதைப் பொட்டி என்பார்கள். பொட்டியின் ஆட்டத்தை அடக்க மோட்டாருக்குத் தானாகவே உத்தரவு போடும் மென்பொருள் ஒன்றை எங்கள் சின்ன கம்பெனி எழுதிக்கொண்டிருந்தது. அதைக் கிரேனில் ஏற்றுவதற்கு முன், பொட்டியை யார் எப்படித் தள்ளிவிட்டாலும் ஆட்டம் குறைந்து கடைசியில் நின்றுவிடும் என்று நிரூபித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

கயிறு ஒரே நீளம் என்றால் அது கல்லூரிப் பாடம், அரை நிமிட வேலை. கிரேனில் கயிறு நீள்வதும் குறுகுவதுமாக இருக்கும், நீளத்துக்கு நீளம் கணக்கு மாறும். அதனால் எல்லா நீளத்துக்கும் பொருந்துகிற ஒரே கிண்ணத்தைத் தேட வேண்டும். கிண்ணத்துக்குள் உருளும் கோலிக்குண்டு மாதிரி, பொட்டி எப்படி ஆடினாலும் அந்த ஆட்டம் அடியை நோக்கியே இறங்க வேண்டும். அப்படி ஒரு கிண்ணம் கிடைத்துவிட்டால் ஆட்டம் கட்டாயம் அடங்கும். நிஜக் கிண்ணம் இல்லை, எண்களால் ஆனது. எண்ணற்ற கிண்ணங்களுக்குள் நமக்குத் தோதானதைக் கணினி தேடித் தரும். இந்தத் தேடலைப் புத்தகத்தில் உகப்பாக்கம் என்கிறார்கள், எங்கள் ஆபீஸில் ஆப்டிமைசேஷன்தான். நான் தேடச் சொன்னேன். கிடைத்தது என்றது. கையெழுத்துப் போட்டேன்.

சோதனை ஓட்டம் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். எங்களுக்காக ஒதுக்கிய கிரேனை ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், இருபது வருஷமாகக் கேபினில் இருப்பவர். மூன்றாம் நாள் கீழே இறங்கி என்னிடம் வந்தார்.

"மேடம், பொட்டி மேல இருக்கசொல்ல செல மாதிரி நிக்குது. கீழ எறக்கசொல்லதான் பேஜாரு. ஆட்டம் ஏறிக்கினே போவுது. ஓட்டுற ஸ்டிக்க வுட்டுட்டு கையை எடுத்தாலும் ஆடுது."

"நீங்க ஸ்டிக்க ரொம்ப அசைக்கிறீங்க. மெதுவா பிடிங்க" என்றேன்.

"இருபது வருசமா இதே கைதாம்மா" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க காலடிப்பேட்டைதான? உங்க நைனாவ எனக்குத் தெரியும்னு நெனக்கிறேன்."

"இல்ல, நான் அடையார்" என்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னைக் காலடிப்பேட்டை. காலமாகிவிட்ட என் அப்பாவை அவருக்குத் தெரிந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் கூடவே எங்கள் மேனேஜர் நின்றிருந்தார். 'இன்னா', 'கீது' எல்லாவற்றையும் கல்லூரி முதல் வருஷத்திலேயே நாக்கிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டவள் நான். வகுப்பில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், அதனால் மாற்றிக்கொண்டேன். அதற்காக அப்பாவையே தெரியாது என்பேனா? சொன்னேன்.

அடுத்த வாரம், டிரெய்லர் லாரி மேல் இறக்கும்போது பொட்டி ஆடி, லாரியின் முன்பக்கத்தை இடித்துவிட்டது. லாரி டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார், தப்பித்தார். கண்ணாடியும் கூரையும் நசுங்கிப்போயின.

மறுநாள் யார்டு ஆபீஸில் விசாரணை. ஏசி அறை. யார்டு அதிகாரிகள் ஒருபுறம், நாங்கள் ஒருபுறம், கிரேன் ஓட்டியவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, எனக்கும்தான். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அதே வாக்கியத்தைச் சொன்னார்: "சார், கையை எடுத்தாலும் ஆடுது."

நான் என் அறிக்கையை மேஜைமேல் திருப்பி வைத்தேன். "எந்த நீளத்திலும் ஆட்டம் வளராது. கணித ரீதியாக நிரூபிச்சிருக்கோம். கையை எடுத்திருந்தா நின்னிருக்கும்."

பெரிய இவள் மாதிரி பேசினேன். அவர் என் அறிக்கையைப் பார்த்தார். "கணக்கு தெரிஞ்சவங்க சொல்லசொல்ல நான் இன்னா சொல்றது" என்றார். அவரைக் கேபினிலிருந்து எடுத்து, பொட்டியின் மூலைகளில் பூட்டு மாட்டுகிற தரை வேலைக்குப் போட்டார்கள். அவருக்குப் பதிலாக இன்னொரு ஆபரேட்டர் வந்தார். அதன் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. பார்த்தீர்களா, ஆள்தான் தப்பு என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கலுக்கு முன் வேறொரு கிரேனுக்கு அதே கணக்கைப் போட்டேன். இந்த முறை கிண்ணத்தைப் படமாக வரைந்து அறிக்கையில் சேர்க்கலாம் என்று ஆசை. வரைந்தால் ஒன்றுமே தெரியவில்லை. எண்களைத் திறந்தேன். எல்லாம் பூஜ்யம். புள்ளிக்குப் பின்னால் எட்டு பூஜ்யம் தாண்டி ஏதோ குப்பை. பழைய கிரேனின் கோப்பைத் திறந்தேன். அதிலும் பூஜ்யம்.

கிண்ணம் கவிழ்ந்திருக்கக் கூடாது என்று மட்டும்தான் நான் நிபந்தனை போட்டிருந்தேன். ஆழம் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தட்டையாக இருந்தாலும் என் நிபந்தனை நிறைவேறிவிடும். கணினி எனக்கு ஒன்றுமில்லாததைக் கொடுத்து 'தீர்வு கிடைத்தது' என்றது. பொய் சொல்லவில்லை. இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருகிற எச்சரிக்கை இது, நானே இரண்டு பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். ஆழம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். 'தீர்வு இல்லை.' கயிறு முழு நீளத்தில் இருப்பதை மட்டும் எடுத்து அந்த அரை நிமிடக் கணக்கைப் போட்டேன். ஆட்டம் வளர்ந்தது. வெளியிலிருந்து யாரும் தொடாமலே, தானாக.

கையை எடுத்தாலும் ஆடுது. என் பாடப் புத்தகத்தில் நிலையின்மைக்கு இதுதான் விளக்கம். அந்த மனிதர் இரண்டு முறை அதைத்தான் சொல்லியிருக்கிறார். புத்தகத் தமிழிலோ இங்கிலீஷிலோ சொல்லியிருந்தால் சட்டென்று நிமிர்ந்திருப்பேன். எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில் சொன்னார், அதனால் எனக்குக் காது கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிடுங்கிக்கொள்ளவில்லை. மென்பொருளைத் திருத்தினேன், ஆழத்தோடு சரிபார்த்தேன், 'செயல்திறன் மேம்பாடு' என்று பெயர் வைத்து அனுப்பினேன். அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், புராஜெக்ட் முடியட்டும், மேனேஜர் ஊரிலிருந்து வரட்டும் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது.

ஆடியில் இறுதி ஒப்புதலுக்காக யார்டுக்குப் போனேன். கொளுத்துகிற வெயிலில், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பொட்டிகளுக்கு நடுவே பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவரே வந்துவிட்டார்.

"மேடம், இப்போ ஜோரா கீதாமே! கீழ எறக்கினாலும் கல்லு மாதிரி நிக்குதாமே! நம்ம மேடம்தான் பண்ணாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"நல்லா கீறேன். கேபின்தான் வேணாம்னுட்டேன். தீபாவளி கழிச்சு ஆளு இல்லன்னு கூப்டாங்க, போவல. நம்ம கை போயிடுச்சும்மா. வூட்ல தெனம் காலைல ஒரு டம்ளர் நெறைய தண்ணி புடிச்சு, கைய நீட்டிக்கினு நிப்பேன், நடுங்குதான்னு பாக்க. ஒரு சொட்டு சிந்தல. டாக்டரும் ஒண்ணுமில்லன்னாரு. ஆனா கணக்கு பொய் சொல்லாதுல்ல? நமக்கே தெரியாம ஆடுது போல. கீழ ஒரு ஆளு நின்னிருந்தா இன்னா ஆவறது?"

அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, உங்க கை ஒண்ணும் ஆவல" என்றேன். என் வாயிலிருந்து அது அப்படித்தான் வந்தது. "கணக்குதான் தப்பு. நான்தான் தப்பா போட்டேன். நீங்க சொன்னதுதான் கரெக்டு. கையை எடுத்தாலும் ஆடும். தானாவே ஆடும்."

அவர் கையுறையைக் கழற்றினார். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்போ தெரிஞ்சுது உனுக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடி."

விரல் விட்டு எண்ணினார். தை, மாசி, பங்குனி என்று முணுமுணுத்துக்கொண்டே ஆடி வரைக்கும் வந்தார். திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். "உங்க நைனா இருந்திருந்தா அன்னிக்கே வந்து சொல்லியிருப்பாரு" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? மேல போயி சொல்லு."

போனேன். அதே ஏசி அறை, அதே மேஜை. அவரையும் கூட்டிக்கொண்டு போனேன், நாற்காலி இழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. அவருக்குப் பிறகு வந்த ஆபரேட்டர், புது மென்பொருள் வரும்வரை, பொட்டி கீழே வந்ததும் எங்கள் மென்பொருளை அணைத்துவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறார். புகார் சொன்னால் தன்னையும் தரைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாராம்.

என் மேனேஜர் என்னைக் கையெழுத்துப் போடும் பொறுப்பிலிருந்து எடுத்தார். அது எனக்கு வேண்டியதுதான். யார்டுக்காரர்கள் பழைய அறிக்கையை ரத்து செய்து, தவறு அவருடையது இல்லை என்று எழுதிக் கொடுத்து, கேபினைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் ஏறினார்.

போன மாதம் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் அவருடைய மனைவியைப் பார்த்தேன். என்னை நிறுத்தி நலம் விசாரித்தார், என் மேல் கோபமே இல்லாதவராக. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா கீறாரும்மா. தெனம் கிரேனுக்குப் போறாரு. ஆனா அந்த டம்ளர மட்டும் வுட மாட்றாரு. காலைல தண்ணி புடிச்சு, கைய நீட்டிக்கினு நின்னு பாத்துட்டுதான் கெளம்புறாரு."