கீபோர்டில் வந்த கரகரப்பு

நீலாவதியிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அவள் பழுது பார்த்த சாமானைப் பற்றி யாராவது குறை சொன்னால் போதும், முகம் சிவந்துவிடும். "என் கைவேலையில கோளாறு வராதுலா" என்பாள். அப்படிச் சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமையும் இருந்தது. பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பதினொரு வருஷம், பூதக்கண்ணாடிக்கு அடியில் கடுகளவு புள்ளிகளில் ஈயம் வைத்தவள் அவள். குகனேஸ்வரனைக் கட்டிக்கொண்டு இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, பட்டுப்புடவைகளோடு சால்டரிங் இரும்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். பகலில் தேயிலை பேக்டரியில் தூள் பிரித்துப் பொட்டலம் கட்டுகிற வேலை. மாலையில் சமையலறை மேசையில் யாராவது கொண்டுவந்து போட்ட ரேடியோவோ ரைஸ் குக்கரோ திறந்து கிடக்கும்.

குகனேஸ்வரன் தோட்டத்து வயர்மேன். அதிர்ந்து பேசாத மனிதன். கோயில் திருவிழாவுக்கு இருபத்திரண்டு வருஷமாக விளக்குக் கட்டுகிறவன் அவன்தான். கூலி வாங்கமாட்டான். அந்த ஒரு வாரம் மட்டும் அவன் நடையில் கொஞ்சம் மிடுக்கு ஏறியிருக்கும்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சிங்காரம் தன் பழைய சிந்தசைசரைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் தோட்டத்து இசைக்குழுவே அவர்தான். நாற்பது வருஷத்துக்கு முந்திய சாமான் அது. தட்டுகிற கட்டைகளுக்கு மேலே, ஓசையைக் கூட்டிக் குறைக்க வரிசையாகத் தள்ளுகுமிழ்கள்.

"ஆன் பண்ணா மூச்சே இல்ல நீலா. திருவிழாவுல ஒரு தடவ வாசிச்சிரணும்."

உள்ளே கெப்பாசிட்டர்கள் ஊதிப்போய்க் கிடந்தன. நீலாவதி எல்லாவற்றையும் மாற்றினாள். சாமான் பேசியது. ஈரம் ஒட்டியிருக்கக் கூடாதே என்று, மூடியைக் கழற்றியபடியே இரண்டு நாள் பேக்டரியின் ட்ரையர் அறையில் வைத்தாள். இங்கே எல்லாரும் செய்வதுதான். ஓயாத மழையும் மூடுபனியுமாக இருக்கிற இந்த மலையில், நனைந்த சப்பாத்திலிருந்து தண்ணீரில் விழுந்த கைப்பேசி வரைக்கும் தேயிலை காய்கிற அந்தச் சூட்டில்தான் காயும். மேனேஜர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

மதியம் வீட்டில் போட்டுக் கேட்டபோது ஓசை சுத்தமாக இருந்தது. கோயில் மண்டபத்தில் ஒத்திகை வைத்த அன்றுதான் மானம் போனது. நாலு மணிக்கு ஜன்னல் வழியாகப் பனி உள்ளே நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டுக்கு நடுவே சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு.

கோயில் கமிட்டித் தலைவர் நாகரத்தினம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி. கேள்வி கேட்டே பழகியவர். "என்னம்மா, ரிப்பேர் பண்ணப்புறம்தான் இப்படியா?"

"வீட்டுல நல்லாத்தான் இருந்துச்சுங்கய்யா. இந்த ஹால்ல எர்த் சரியில்ல. அதான்."

மண்டபத்துக்கு வயரிங் செய்தவன் குகனேஸ்வரன். வாசலருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எர்த் கோளாறு என்றால் ஒரே சீராக இரையும், இப்படி விட்டுவிட்டுப் பொரியாது. நீலாவதிக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

குகனேஸ்வரன் மறுநாளே கடப்பாரையை எடுத்தான். இரண்டு நாள் மண்டபத்துக்குப் பின்னால் முழங்கால் சேற்றில் நின்று, புதிதாக எர்த் கம்பி அடித்தான். மாலையில் கரகரப்பு மறுபடியும் வந்தது.

"கோவிச்சுக்காத குகா, சனம் கூடுற இடம்" என்றார் நாகரத்தினம். "இந்த வருஷம் லைட்டுக்கு பிரிஞ்சாங் டவுன்லேர்ந்து ஆள் வரட்டும்."

"சரிங்க" என்று வீட்டுக்கு வந்தான். எதிரே வைத்த தேநீர் ஆடை கட்டும்வரை தொடவில்லை. "என் வேலையில என்ன தப்புன்னு எனக்கே புரியல நீலா" என்றான். கோபித்துக்கொண்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபித்திருப்பாள். இப்படிக் கேட்டவனிடம் எதைச் சொல்லிக் கோபிப்பது?

மறுநாள் லீவு போட்டாள். சிந்தசைசரை வீட்டுக்குக் கொண்டுவந்து மதியமே போட்டுவிட்டாள். சத்தமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். நாலு மணிக்குத் தேயிலைச் சரிவிலிருந்து பனி ஏறிவந்து சமையலறைக்குள் புகுந்தது. கரகரப்பும் கூடவே வந்தது. மண்டபத்து வயரிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு குமிழை மெல்லத் தள்ளினாள். கரக். அடுத்ததைத் தள்ளினாள். அதுவும் கரக். கரண்டைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுக் குச்சியைக் குமிழ் ஓடுகிற பள்ளத்தில் விட்டு எடுத்தாள். பழுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தாள். தேயிலைத் தூசி. ட்ரையர் அறையில் திறந்து கிடந்தபோது உள்ளே இறங்கியிருக்கிறது. வெயிலில் சும்மா கிடக்கும், பனி வந்தால் ஈரத்தைக் குடித்துக்கொண்டு ஓசையைக் கெடுக்கும். தூள் ஈரம் இழுக்கும் என்றுதான் பேக்டரியில் தினமும் காற்றுப் புகாமல் கட்டுகிறார்கள். தினமும் அதைச் செய்கிறவளுக்கு இங்கே தோன்றவில்லை. வைத்த ஈயத்தில் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் குற்றம் அவளுடையதுதான். ஒவ்வொரு குமிழாக ஸ்பிரிட் விட்டுத் துடைத்து முடிக்க இருட்டிவிட்டது. குகனேஸ்வரனிடம் சொல்வதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிவைத்தாள்.

சனிக்கிழமை மாலை கடைசி ஒத்திகை, விடிந்தால் திருவிழா. மண்டபம் முழுக்கப் பனி. சிங்காரம் வாசித்தார். ஒரு பொட்டுக் கரகரப்பு இல்லை. பாட்டு முடிந்ததும் நாகரத்தினம் கை தட்டினார்.

"நீ சொன்னது சரியாப் போச்சும்மா. பழைய எர்த்துதான் கோளாறு. புதுசு இப்பதான் வேல செய்யுது."

கூட்டம் தலையாட்டியது. ஓரமாக நின்ற குகனேஸ்வரனும் தலையாட்டினான். "இருக்கும்" என்றான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பேர் அப்படியே நின்றிருக்கும். அந்த "இருக்கும்" அவளால் தாங்க முடியவில்லை.

"இல்லைங்கய்யா!" குரல் தானாக உயர்ந்தது. "பழைய எர்த்தும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் இத தொறந்தபடி ட்ரையர் ரூம்ல வச்சேன். தூசி உள்ள பூந்திருச்சு. நேத்துதான் தொடச்சேன். தப்பு என்னோடது. இவரு வேலையில ஒரு குத்தமும் கிடையாது."

சிங்காரம்தான் முதலில் சிரித்தார். "அதான் வாசிக்கிறப்பல்லாம் டீ குடிக்கணும்னு தோணிச்சா எனக்கு!"

நாகரத்தினம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த பிரிஞ்சாங் ஆள வர வேணாம்னு சொல்லிடறேன். குகா, விடியறதுக்குள்ள முடிச்சிருவியா?"

குகனேஸ்வரன் ஏற்கெனவே ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தான். நீலாவதி பின்னாலேயே ஓடிப்போய், கேட்காமலே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நாலு படி ஏறியவன் நின்றான்.

"வீட்டுலயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? அத்தன பேர் முன்னாடி எதுக்கு?"

"அத்தன பேர் முன்னாடிதானே உங்க மேல பழி போட்டேன்."

அவன் இன்னும் ஒரு படி ஏறினான். பிறகு கீழே பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, முதல் பல்பைக் கேட்டான்.