அவர் கொண்டுவந்த பேணி

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தீவுப்பக்கத்து ஊரான சரவணையிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துவிட்டு வருவேன். அந்தப் பஸ் ஓடியதைவிட வழியில் பழுதாகி நின்றதுதான் அதிகம். நின்ற இடமெல்லாம் முகம் தெரியாத யாராவது குடை பிடித்தார்கள், பையைத் தூக்கித் தந்தார்கள், வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்தினார்கள். கலியாணம் கட்டி வந்த வீட்டில் எனக்கு ஊரைச் சாதி சாதியாகப் பிரித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். ரோட்டில் அந்தப் படிப்பு ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது ஒருநாள் அல்லைப்பிட்டியில் பஸ் நின்றது. கொளுத்துகிற வெயில். இறங்கி நின்றவள் தலைசுற்றி விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீட்டில், பாயில் கிடந்தேன். அந்த வீட்டு அக்கா விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில், நீல விளிம்பு போட்ட எனாமல் பேணியில் கஞ்சி. அதைத் தருமுன் கேட்டார்:

"பிள்ளை, எங்கடை வீட்டிலை குடிப்பியளோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மீதல்ல. மயங்கி விழுந்தவளிடம்கூட இப்படிக் கேட்கும்படி அவரைப் பழக்கி வைத்தவர்கள் மீது. பேணியைப் பறிக்காத குறையாக வாங்கிக் குடித்தேன். அடுத்த பஸ் வருமட்டும் என் கையைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றார். "பிள்ளை பிறந்தாப்போலை கட்டாயம் பாக்க வரவேணும் அக்கா" என்று வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டு ஏறினேன்.

எங்கள் வீட்டில் அவரைப் போன்றவர்களுக்கு, வேலியில் சொருகி வைத்திருக்கும் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணீர். அந்தச் சிரட்டை அவர் கைக்குப் போகக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. "என்னைக் காப்பாத்தின மனுசி வருவா. அவவுக்குச் சிரட்டையிலை குடுக்க நான் விடன்" என்று மாமியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். மாமி எழும்பி அடுக்களைக்குள் போய்விட்டார்.

மகள் பிறந்த பிறகு ஒருநாள் அவர் வந்தார். அலுமாரியைத் திறந்து வெள்ளிப் பேணியை எடுத்துத் தேத்தண்ணீரோடு முற்றத்துக்கு ஓடினேன். நான் போட்டுவிட்டுப் போன கதிரை வெறுமையாக இருந்தது. அவர் நிலத்தில் குந்தியிருந்தார். முன்னால், தன் ஓலைப்பையிலிருந்து எடுத்து வைத்த அதே எனாமல் பேணி.

"என்னக்கா இது?"

"இதுக்குள்ளை ஊத்துங்கோ பிள்ளை. அதை நான் தொட்டா, நான் போன பிறகு உங்களைத்தான் பேசுவினம்."

கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. ஆத்திரத்தோடு வெள்ளியிலிருந்து எனாமலுக்கு ஊற்றினேன். மகளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அதற்கு மட்டும் கை நீட்டினார்.

அவர் பேணியைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலிப் படலையைத் தாண்டியதும் மாமிக்கு வாய் வந்தது.

"பாத்தியே பிள்ளை, நல்ல மனுசி. தன்ரை நிலை தெரிஞ்சவ."

"ஓம் மாமி. எங்கடை நிலையும் அவவுக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.