ஏலக்காய் ஸ்டோருக்குள் கேட்ட ஸ்பேனர் சத்தம்

நம்பாதவர்கள் சக்குபள்ளத்துக்கு வரலாம். காய் உலர்த்தும் அந்த ஏலக்காய் ஸ்டோரின் இரும்புக் கதவை உள்பக்கம் தடவிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், நான் கதை விடுகிறேன் என்று.

என் தம்பி ஜினோ எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தவன். மார்ச் மாதம், சண்டை நடந்துகொண்டிருந்த கடல் வழியாக நம் நாட்டுக்கு எண்ணெய் ஏற்றி வரும்போது ஏவுகணை விழுந்தது. எண்ணெய் கரை சேர்ந்தது. தம்பி சேரவில்லை. உடல் கூட வரவில்லை.

ஆகஸ்டில், நாட்டுக்காக உயிர் விட்டவர்களுக்கு ஊரில் பேர் வெட்டி நினைவுக்கல் வைத்தார்கள். கமிட்டித் தலைவர் ஜோமோன். நான் வேலை செய்யும் ஸ்டோரின் முதலாளியும் அவர்தான். தம்பி பேரையும் வெட்டச் சொல்லிக் கேட்டேன்.

"அவன் பட்டாளமா? சம்பளத்துக்குப் போனவன்தானே ரோசி."

பட்டாளத்துக்கு மட்டும் சும்மாவா போகிறார்கள்? இவர் ஜீப் என்ன பச்சைத் தண்ணீரிலா ஓடுகிறது?

கல் திறப்புக்கு முந்தின நாள். மாலை நாலு மணி. மழை, மூடுபனி. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, உலர்த்தும் அறைக்குச் சூடேற்றிப் பூட்டியிருந்தோம். பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பது. நடுவில் திறந்தால் சூடு இறங்கிக் காய் வெளுத்துவிடும், விலை போகாது.

டங்... டங்... டக்.

உள்ளேயிருந்து!

ஆட்களைப் பார்த்தேன். எல்லாரும் வெளியேதான் நின்றார்கள்.

டங்... டங்... டக்.

தெரிந்த தட்டல். இன்ஜின் இரைச்சலில் குரல் கேட்காது, ஸ்பேனரால் தட்டித்தான் கூப்பிடுவோம் என்பான் ஜினோ. லீவில் வந்தால் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவான்.

"மொதலாளி, உள்ள ஆளு இருக்கு. சாவியக் குடுங்க."

"தகரம் சூட்டுல சத்தம் போடுது. தொறந்தா காய் போயிரும்."

"என் தம்பி மொதலாளி!"

"பைத்தியமா ஒனக்கு?"

சாவி அவர் மடியில் செருகியிருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது...

தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

தட்டல் வேகமானது. பிறகு மெதுவாக...

நின்றது.

காலையில் திறந்தோம். தட்டுக்குத் தட்டு உப்புத் தண்ணீர். காயெல்லாம் ஊறி அழுகியிருந்தது. கதவின் உள்பக்கம் முழுக்கத் தட்டியதில் விழுந்த சொட்டைகள். ஜோமோன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொடியேற்றப் போய்விட்டார்.

அக்டோபரில் சித்தூர்க்காரர் ஜிதின் வீடு தேடி வந்தார். தம்பியோடு அதே கப்பலில் இருந்தவர்.

"தீப்புடிச்சதும் கேப்டன் இன்ஜின் ரூம் கதவை மூடச் சொல்லிட்டாருங்க அக்கா. தொறந்தா கப்பலே போயிருமுங்க. ஜினோ உள்ளயே நின்னு எண்ணெய் வால்வை அடைச்சான். அவனாலதான் நாங்க உசுரோட இருக்கறமுங்க."

"தட்டினானா?"

"ரொம்ப நேரமுங்க... நாங்க தொறக்கலீங்க."

அழுதார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கடைசியில, இன்ஜின் நின்ன பொறகு, அவன் எங்களைக் கூப்புடலீங்க. 'அக்கா, சாவி மொதலாளி மடியில இருக்கு, புடுங்கு'ன்னு கத்துனான். கப்பல்ல ஏதுங்க மொதலாளி? என்ன சாவிங்க அது?"

அவன் கத்தியது மார்ச் மாதம். நான் சாவி கேட்டது ஆகஸ்டில்.