சந்தனம் பதித்த வாசல்

அவிநாசிபாளையத்திலிருந்து வினிதா போன் செய்தபோது சந்தனம் மதியச் சாப்பாட்டில் இருந்தார்.

"ஏனுங்கண்ணா, நாளைக்குப் போர்வெல் போடற வண்டி வருதுங்க. ஊட்டுக்குப் பின்னால போக நீங்க போட்ட கல்லுப் பாதைதான் வழி. தாங்குமுங்களா?"

சாத்தூர்ப் பக்கமிருந்து மனைவி பாண்டியம்மாளோடு திருப்பூர் வந்து, பேவர் பிளாக் பதிக்கும் வேலையைச் சந்தனம் சொந்தமாக எடுத்துச் செய்த முதல் வீடு அது. இருபது வருடம் ஆகிவிட்டது. கார் மட்டும்தான் வரும் என்று வினிதாவின் அப்பா நஞ்சப்பன் சொல்லியிருந்தார். மேல்மண்ணைச் சுரண்டி, மணலைப் பரப்பி, கல்லை அடுக்கிவிட்டார் சந்தனம். மூன்றாம் மாதம், பின்னாலிருந்த பனியன் கம்பெனிக்கு நூல் லாரி வந்தது. சக்கரம் போன வழியெல்லாம் இரண்டு வாய்க்கால்.

தலைகுனிந்து நின்றவரை நஞ்சப்பன் திட்டவில்லை. "லாரி வரும்னு நானும் சொல்லலீங்க. மறுக்காப் போட்டுருங்க."

கல்லையெல்லாம் பெயர்த்து, ஒன்றரை அடி தோண்டினார்கள். கிராவலும் ஜல்லியும் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடித்தார்கள். மேலே மூன்றங்குலக் கனக் கற்கள். வாடகை மிஷின் கிடைக்காத இரண்டு நாளும் பாண்டியம்மாள் இரும்புத் திமிசைத் தூக்கித் தூக்கி இடித்தாள். அப்போது இருவருக்கும் முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாது. எதிரெதிரே குந்தி, யார் வரிசை நேராக வருகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

"தாங்கும்மா," என்றார் போனில். "பாரம் கல்லுல இல்ல, அடியில இடிச்ச ஜல்லியிலதான் நிக்கிது. ஆனா, நின்ன இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பக் கூடாது, கல்லு பெயர்ந்துரும். வண்டியைத் தூக்கி நிறுத்துற ஜாக்கிக்குக் கீழே தடிச்ச பலகை போடணும். நாங்களே வர்றோம்."

மறுநாள் பாண்டியம்மாளும் கிளம்பினாள். நஞ்சப்பன் இப்போது இல்லை. அவருடைய படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். லாரி உறுமிக்கொண்டு நுழைந்தது. சந்தனம் பின்னோக்கி நடந்தபடியே டிரைவருக்குக் கை காட்டினார். கேட் ஓரத்தில் இரண்டு கற்கள் விரிந்தன. மற்றபடி பாதை அசையவில்லை.

"நான் இடிச்ச பக்கம் ஒண்ணுமே ஆகலை, பாத்தீங்களா?" என்றாள் பாண்டியம்மாள்.

சாயங்காலம் எழுநூறு அடியில் தண்ணீர் வந்தது. பாதை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. வினிதா தடுத்தும் கேட்காமல் பாண்டியம்மாள் விளக்குமாறு எடுத்தாள். சந்தனம் குழாயைப் பிடித்தார். அவள் தள்ளத் தள்ள, அன்று அவளே நிறம் பார்த்து அடுக்கிய சிவப்பு வரிசை ஒவ்வொன்றாக வெளியே வந்தது.