நாலாவது ஸ்டெப்பில் நின்ற மாதேஸ்வரன்

ஜோஸ்பின் என்ன வேலை பார்க்கிறாள் என்று நல்லம்பள்ளியில் யாரைக் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல என்னமோ டைப் அடிக்குதுங்க" என்பார்கள். புருஷன் அமல்தாஸுக்கே அதுக்கு மேல் தெரியாது. பெங்களூர் கம்பெனி ஒன்று, கடை பில்லை போனுக்கு மெசேஜாக அனுப்பும் சாஃப்ட்வேர் செய்கிறது. அதைப் பயன்படுத்தப்போகும் டெவலப்பர்கள் முதலில் எதைச் செய்யணும், அடுத்து எதைச் செய்யணும் என்று இவள் வீட்டிலிருந்தபடியே கைடு எழுதித் தருவாள். மூணு வருஷமாக ஒரு குறை வந்ததில்லை.

இந்த வாரம் வந்தது. புதிதாகச் சேர்ந்த மாதேஸ்வரன், கைடைப் பார்த்துச் செய்தால் நாலாவது ஸ்டெப்பில் 'அனுமதி இல்லை' என்று வந்து நிற்கிறதாம். மேனேஜரம்மா போன் போட்டார்.

"கைடு தப்புன்னா உங்க கான்ட்ராக்டை நிறுத்தச் சொல்றாங்க மேலிடத்துல, ஜோஸ்பின். அவர் தப்புன்னா அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும்."

ஜோஸ்பினுக்குச் சுருக்கென்றது. தன் லேப்டாப்பில் செய்து பார்த்தாள். ஜம்மென்று ஓடியது. "கைடில் தப்பில்லை. அவரைக் கண்ணைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள்" என்று மெயிலைத் தட்டிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு முன்னே பின்னே தெரியாது.

அப்புறம்தான் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தன் ஸ்க்ரீனைப் படம் பிடித்து அவன் அனுப்பியிருந்ததைப் பார்த்தாள். ஒரு எழுத்துப் பிசகாமல் அவள் சொன்னபடியே செய்திருக்கிறான். பின்னே ஏன் ஓடவில்லை? இவளுக்கு மட்டும் எட்டாவது தடவையும் ஓடித் தொலைக்கிறதே! மண்டை காய்ந்துபோனது. ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தக்காளித் தோட்டத்துக்குக் கிளம்பிய அமல்தாஸிடம் புலம்பினாள். அவன் சிரித்தான்.

"நேத்து மோட்டார் உனக்கு ஓடல, நான் போட்டதும் ஓடுச்சே, அந்தக் கதைதான்."

"அது எப்படிங்க ஓடுச்சு?"

"ஸ்டார்ட்டர் பொட்டியப் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டிட்டுத்தான் போடுவேன்."

"அதை எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே!"

"சொல்லலையா? தினமும் பண்றதா, சொல்லணும்னே தோணல."

தானும் இப்படி எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறோமோ என்று ஜோஸ்பினுக்குப் பொறி தட்டியது. சசிகலாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில், தான் எழுதியதை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தாள். நாலாவது ஸ்டெப். சிவப்பெழுத்து. அனுமதி இல்லை.

"மாதாவே!" என்று தலையில் கை வைத்தாள். மூணு வருஷத்துக்கு முன், அனுமதிக்காகக் கம்பெனி மெயிலில் தந்த நீளமான ரகசிய எண்ணை முதல் நாளே லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தாள். லேப்டாப் அதை மறக்கவில்லை, இவள் மறந்துவிட்டாள். அதை எங்கே போடணும் என்று கைடில் ஒரு வரிகூட இல்லை. இதுவரை படித்தவர்களெல்லாம் அதை ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பழைய ஆட்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாதேஸ்வரன் ஊருக்குப் போவான், இவள் கான்ட்ராக்ட் தப்பிக்கும். ஆனால் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து, மாதேஸ்வரனுக்கும் நகல் போட்டு மேனேஜரம்மாவுக்கு எழுதினாள்: "தப்பு என்னுடையது. அவர் நான் சொன்னதை மட்டும்தான் செய்தார். நான் கோபமாக எழுதியதற்கு அவர் மன்னிக்கணும்."

மேனேஜரம்மாவிடமிருந்து பதில் இல்லை. மதியம் மாதேஸ்வரனிடமிருந்துதான் மெசேஜ் வந்தது.

"ரெண்டு நாளா எனக்குத்தான் மூளை இல்லைன்னு நினைச்சு அழுதுட்டு இருந்தேங்க மேடம்."

ஜோஸ்பின் நாலைந்து பதில் அடித்து அடித்து அழித்தாள். கடைசியில் "நானுந்தாங்க தம்பி" என்று அனுப்பினாள்.