இன் ஸ்பைட் ஆஃப்

சாயங்காலம் என் மகள் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "இன் ஸ்பைட் ஆஃப் தி ரெயின்" என்று காதில் விழுந்ததும் எனக்குக் கைவேலை ஓடவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கருங்குழி வீட்டில் வள்ளி அக்காவும் இதைத்தான் படித்தாள். பத்தாவதில் ஆங்கிலம் மட்டும் போய்விட்டது. மறுதேர்வுக்காக அரிசி களைந்துகொண்டே சொல்லிப் பார்ப்பாள்.

"அப்டின்னா இன்னாடி?" என்பாள் அம்மா.

"மழ பேஞ்சாலும் போனான்னு அர்த்தம்மா. ஆஃப்புக்கு அப்பால காய்ச்சல், சண்ட, இன்னா வேணா போட்டுக்கலாம்."

தேர்வன்றுதான் மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ ஹால் டிக்கெட்ட எங்கனா ஒளிச்சு வை" என்றார். எனக்கு ஒன்பது வயது. ரேஷன் அரிசி மூட்டைக்கு அடியில் செருகினேன்.

அக்கா வீடெல்லாம் தேடினாள். "நீ பாத்தியாடி?" என்றாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் புடவை கட்டிக்கொள்ளப் போனாள்.

மூன்று மாதத்தில் கல்யாணம். இன்று மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் அறை துடைக்கிறாள். நைனா இறந்துவிட்டார்.

இத்தனை வருடம் சொல்லாததை இன்றைக்குப் போன் போட்டு அழுதுகொண்டே சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும்டி. மூட்டைக்கு அடியில காகிதம் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏங்கா எடுக்கல?"

"எடுத்துனு போயிருந்தா நைனா உன்னத்தானே அடிச்சிருக்கும்" என்றாள்.